அம்மாவின் கண்ணில் நாய்ப் புழு: ரிப்போர்ட்டில் "ஹாங்காங்" என்று இருந்தால் என்ன அர்த்தம்?

குலசேகரம் பக்கம் ரப்பர் விளைக்கு நடுவே உங்கள் வீடு. அம்மாவுக்குக் கண்ணில் உறுத்தலும் சிவப்பும் வந்து, நாகர்கோவிலில் காட்டியபோது வெள்ளை விழிக்கு மேலே ஒரு புழு உயிரோடு நெளிந்திருக்கிறது. மருத்துவர் அதை எடுத்துவிட்டு, "இது நாயிடம் இருக்கிற புழு, கொசு வழியா வந்திருக்கு" என்றிருக்கிறார். புழுவை மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பினால், டைரோஃபைலேரியா ரெப்பன்ஸ் என்ற இனத்தோடு முழுக்கப் பொருந்தவில்லை, "ஹாங்காங்கென்சிஸ்" என்ற வகையோடுதான் நெருக்கம் என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. இது மரபணு மாறிய புதுப் புழுவா, ஆபத்து கூடுதலா, வீட்டு நாயை எங்காவது கொண்டுபோய் விட்டுவிடலாமா என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் இருப்பது இதுதான் என்று நினைக்கிறேன்: அம்மாவுக்கு இனி என்ன ஆகும், இதற்கு நம் நாய்தான் காரணமா?

முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் அம்மாவுக்கு இதோடு முடிந்தது. நாயை விடாதீர்கள், ரத்தப் பரிசோதனைக்குக் கொண்டு போங்கள். ரிப்போர்ட்டில் உள்ள ஹாங்காங் என்ற பெயரைப் பார்த்துப் பயப்பட ஒன்றும் இல்லை. நான் கால்நடை மருத்துவர், மேற்படிப்பு ஒட்டுண்ணியியலில். பல வருடமாக இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்தில்தான் வேலை. அம்மாவின் கண்ணைப் பற்றிக் கடைசி வார்த்தை சொல்ல வேண்டியவர் உங்கள் கண் மருத்துவர். நாய், புழு, கொசு, அந்த ரிப்போர்ட் ஆகியவற்றைப் பற்றி நான் விவரமாகச் சொல்ல முடியும்.

உறுதியாகத் தெரிந்ததில் இருந்து தொடங்குகிறேன். இந்தப் புழுவின் சொந்த வீடு நாய். நாயின் தோலுக்கு அடியில், சதைக்கு மேலே உள்ள தளர்ந்த பகுதியில் ஆணும் பெண்ணுமாக வருடக்கணக்கில் வாழும். பெண் புழு ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான நீளம், நூல் போல மெலிந்தது. அது முட்டை இடாது. கண்ணுக்குத் தெரியாத குஞ்சுப் புழுக்களாகவே ஈன்று நாயின் ரத்தத்தில் விடும். இவற்றுக்கு மைக்ரோஃபைலேரியா என்று பெயர். கொசு நாயைக் கடிக்கும்போது ரத்தத்தோடு இவையும் கொசுவுக்குள் போகும். நம் ஊர்ச் சூட்டில் ஏறக்குறைய இரண்டு வாரத்தில் அங்கேயே வளர்ந்து, அடுத்த கடிக்குத் தயாராகக் கொசுவின் வாய்ப் பக்கம் வந்து நிற்கும். அந்தக் கொசு இன்னொரு நாயைக் கடித்தால் சுற்று முழுமையாகும். மனிதரைக் கடித்தால் புழு வழி தவறிய மாதிரிதான். தோலுக்கடியில் அலையும், சில நேரம் கண்ணுக்கு வரும், சில நேரம் ஓர் இடத்தில் நின்று சின்னக் கட்டியாகும். பெரும்பாலும் ஒரே ஒரு புழு, அதுவும் முழு வளர்ச்சி அடையாதது. துணை இல்லாததால் இனப்பெருக்கம் இல்லை, ரத்தத்தில் குஞ்சும் இல்லை. மனித ரத்தத்தில் மைக்ரோஃபைலேரியா பார்த்ததாக உலகத்தில் சில பதிவுகள் உண்டு, ஆனால் அது மிக அபூர்வம். அம்மாவிடம் இருந்து உங்களுக்கோ பிள்ளைகளுக்கோ இது தொற்றாது. நாயைத் தடவுவதாலோ, அது நக்குவதாலோ வராது. கொசு இல்லாமல் இந்தப் புழுவுக்கு நகர வழியே கிடையாது.

நாயிடம் இது இருந்தால் வெளியே என்ன தெரியும் என்றால், பெரும்பாலான நாய்களில் ஒன்றுமே தெரியாது. சிலதுக்குச் சொறி, முடி உதிர்தல், தோலில் சின்ன முடிச்சு. நன்றாகச் சாப்பிடும், ஓடும். எங்கள் மேஜைக்கு வரும் இப்படிப்பட்ட ஒரு நாயின் முன்னங்கால் நரம்பில் இருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, கண்ணாடித் தகட்டில் வைத்து, மேலே மெல்லிய கண்ணாடி மூடி மைக்ராஸ்கோப்பின் குறைந்த பெருக்கத்தில் பார்த்தால், முதலில் தெரிவது புழு அல்ல. சிவப்பணுக்கள் ஓர் இடத்தில் மட்டும் யாரோ தள்ளுகிற மாதிரி விலகி விலகிச் சேரும். கண் பழகியதும் அந்த இடத்தில் ஒளி ஊடுருவும் ஒரு சிறு நூல் சுருண்டு நிமிர்வது தெரியும். ஒரு சொட்டில் இல்லை என்றால் விட்டுவிடக் கூடாது. ஒரு மில்லி ரத்தத்தை ஒன்பது மில்லி இரண்டு சதவீத ஃபார்மலினில் கலந்து, சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி, அடியில் தங்குவதற்கு நீலச் சாயம் ஏற்றிப் பார்க்க வேண்டும். நாட் பரிசோதனை என்பார்கள். செலவு குறைவு, நம்பகம் அதிகம். ரத்தத்தை மாலை மயங்கிய பிறகு எடுத்தால் புழு அகப்படும் வாய்ப்பு கூடும், ஏனென்றால் இந்தக் குஞ்சுகள் இரவில்தான் மேல்தோல் ரத்தக் குழாய்களுக்கு அதிகம் வருகின்றன.

சரி, இப்போது ரிப்போர்ட். டைரோஃபைலேரியா ரெப்பன்ஸ் என்ற பெயரை 1911-ல் ரய்யே, ஆன்ரி என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் வைத்தார்கள். கண்ணில் வரும் இந்தப் புழுவை அதற்கு முன்பே இத்தாலியில் பார்த்திருக்கிறார்கள். கேரளத்திலும் இலங்கையிலும் 1960-70களில் இருந்தே மனிதர்களிடம் எடுக்கப்பட்ட புழுக்கள் பற்றி மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். அப்போது மைக்ராஸ்கோப் மட்டும்தான் கையில். புழுவின் மேல்தோலில் நீளவாக்கில் ஓடும் வரிகளைப் பார்த்து, "ரெப்பன்ஸ்" என்று எழுதி முடித்துவிடுவார்கள். 2012-ல் ஹாங்காங் ஆராய்ச்சியாளர்கள் அங்கே மனிதர்களிடமும் நாய்களிடமும் கிடைத்த புழுக்களின் மரபணு வரிசையைப் படித்து, இவை ஐரோப்பிய ரெப்பன்ஸில் இருந்து தெளிவாக விலகி நிற்கின்றன என்று காட்டினார்கள். ஹாங்காங்கென்சிஸ் என்ற பெயர் அப்போது வந்தது. முதலில் கண்டுபிடித்த ஊரின் பெயர் அது, புழு பிறந்த ஊர் அல்ல. உங்கள் அம்மாவுக்கு வந்தது ஹாங்காங்கில் இருந்து யாரோ கொண்டு வந்ததாக எண்ண வேண்டாம். 2019-ல் கேரளத்து ஆய்வாளர்கள், தென்னிந்தியாவில் நாம் ரெப்பன்ஸ் என்று அழைத்து வந்தது உண்மையில் இந்த வகைதானா என்ற கேள்வியையே தலைப்பாக வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அவர்கள் மாதிரிகள் ஐரோப்பியப் புழுவோடு சேராமல் ஹாங்காங் வகையின் பக்கம்தான் சேர்ந்தன. இந்தியாவுக்கு வந்து திரும்பிய ஐரோப்பியப் பயணிகளின் கண்ணில் இருந்து எடுத்த புழுவும் இதே வகை என்று தெரிந்திருக்கிறது. 2025-ல் இதற்கு டைரோஃபைலேரியா ஏசியாட்டிகா என்று முறையான இனப்பெயரும் முன்வைத்தார்கள். ஆக, உங்கள் ரிப்போர்ட்டில் உள்ளது புதிதாக மாறிய புழு அல்ல. கேரள எல்லையான களியக்காவிளைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நாய்களிடம் காலம் காலமாக இருந்து வந்த ஒன்றைச் சரியாகப் பிரித்துப் பார்க்கும் கருவி இப்போதுதான் கைக்கு வந்திருக்கிறது.

"முழுக்கப் பொருந்தவில்லை" என்ற வரிதான் உங்களைத் தூங்க விடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதைக் கொஞ்சம் விளக்குகிறேன். இப்படிப்பட்ட பரிசோதனையில் புழுவின் முழு மரபணுத் தொகுதியையும் படிப்பதில்லை. பெரும்பாலும் செல்லுக்குள் உட்கருவுக்கு வெளியே இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற சிறு உறுப்பில் உள்ள காக்ஸ்-1 என்ற ஒரு மரபணுவின் சில நூறு எழுத்துகளைப் படித்து, ஜென்பேங்க் என்ற பொதுச் சேமிப்பில் உள்ள வரிசைகளோடு ஒப்பிடுவார்கள். ஒரே இனத்துக்குள்ளேயே புழுவுக்குப் புழு ஒன்றிரண்டு எழுத்து மாறியிருப்பது சாதாரணம். இனம் வேறு என்றால் வேறுபாடு அதைவிடத் தெளிவாகப் பெருகும். அந்தச் சேமிப்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஆசியாவில் இருந்து முன்பு பதிந்த சில வரிசைகள் ரெப்பன்ஸ் என்ற பழைய பெயரிலேயே கிடக்கின்றன. அதனால் லேப் எந்த வரிசையோடு ஒப்பிட்டது என்பதைப் பொறுத்து ரிப்போர்ட்டின் வாசகம் மாறும்.

மைட்டோகாண்ட்ரியாவை மட்டும் வைத்து முடிவு கட்டுவதற்கு ஓர் எல்லை இருக்கிறது. அது தாயிடம் இருந்து மட்டுமே பிள்ளைக்கு வரும். நாஞ்சில் நாட்டில் முன்பு இருந்த மருமக்கள்வழி போல, தாய்வழி வரிசையை மட்டும் வைத்துக் குடும்ப வரலாறு எழுதினால் தகப்பன் பக்கம் எங்கிருந்து வந்தது என்றே தெரியாது. இரண்டு வகைப் புழுக்கள் ஒரே நாயில் சந்தித்துக் கலப்பு நடந்திருந்தால் இந்த ஒற்றை மரபணு அதைக் காட்டாது. அதனால்தான் கவனமான ஆய்வாளர்கள் செல்லின் உட்கருவில் உள்ள மரபணுக்களையும் சேர்த்துப் படிக்கிறார்கள். ஏசியாட்டிகா என்று பெயர் வைத்தபோதும் மரபணு, உடல் அமைப்பு இரண்டையும் சேர்த்துத்தான் பார்த்தார்கள். என் கருத்தில் இது தனி இனம் என்பதற்கான ஆதாரம் வலுவாகவே இருக்கிறது. ஆனால் உங்கள் ரிப்போர்ட் காக்ஸ்-1 மட்டும் பார்த்தது என்றால், "அந்த வகையோடு நெருக்கம்" என்று அடக்கமாக எழுதியிருப்பதுதான் நேர்மை. அதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இங்கே பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது, எனக்கு இந்த விஷயத்தில் மிக முக்கியமாகப் படுவதும் அதுதான். "மனிதரைத் தாக்கும் புது வகை" என்ற பேச்சு இந்தப் புழுவுக்குப் பொருந்தவே பொருந்தாது. ஓர் ஒட்டுண்ணி மனிதருக்கென்று தனியாக ஒரு பரம்பரையை உருவாக்க வேண்டும் என்றால், மனிதரில் பெருகி, மனிதரில் இருந்து இன்னொரு மனிதருக்குப் போக வேண்டும். தலைமுறை தலைமுறையாக அப்படி நடந்தால்தான் மனித உடலுக்கு ஏற்ற மாற்றங்கள் தங்கும். கொக்கிப் புழுவில் இது நடக்க இடம் உண்டு. நாய்க்கும் மனிதருக்கும் பொதுவான ஆன்சிலோஸ்டோமா சிலானிகம் என்ற கொக்கிப் புழு மனிதக் குடலில் முழுதாக வளர்ந்து முட்டையும் இடும். மலேசியாவில் படித்துப் பார்த்தபோது அதில் மனிதரிடம் மட்டும் காணும் ஒரு கிளையும், நாய், பூனை, மனிதர் எல்லோரிடமும் காணும் இன்னொரு கிளையும் தெரிந்தன. டைரோஃபைலேரியாவில் அந்த வாய்ப்பு இல்லை என்றே சொல்லலாம். மனிதருக்குள் போன புழுவின் கதை அநேகமாக அந்த உடம்போடு முடிந்துவிடும். ஆகவே அம்மாவின் கண்ணில் கிடைத்த புழுவின் மரபணு, உங்கள் ஊர் நாய்களில் சுற்றிக்கொண்டிருக்கும் மரபணுவின் ஒரு மாதிரி, அவ்வளவுதான். மனிதர்களிடம் எடுக்கும் ஒவ்வொரு புழுவும் அந்தப் பகுதி நாய்களைப் பற்றிய தகவல்.

இனி உறுதியில்லாத பக்கத்துக்கு வருகிறேன். இந்த ஆசிய வகை, ஐரோப்பிய ரெப்பன்ஸைவிட மனிதக் கண்ணுக்கு அதிகம் வருமா என்று சிலர் கேட்கிறார்கள். வந்த நோயாளிகளின் பதிவுகளை மட்டும் வைத்து இதற்கு விடை சொல்ல முடியாது. கண்ணில் புழு நெளிந்தால் எவரும் அன்றைக்கே மருத்துவரிடம் ஓடுவார்கள். முதுகில் ஒரு சின்னக் கட்டி வந்தால் மாதக்கணக்கில் விட்டுவிடுவார்கள், அது தானே கரைந்தும் போகலாம். கண் கணக்கில் ஏறும், முதுகு ஏறாது. நோய் கூடிக்கொண்டு வருகிறதா என்பதும் இதே மாதிரிதான். கேரளத்தில் இருந்து வெளிவரும் பதிவுகள் அதிகரித்திருக்கின்றன. அதில் எவ்வளவு நோயின் பெருக்கம், எவ்வளவு மருத்துவர்களின் விழிப்பு என்று பிரித்துச் சொல்ல இன்றுள்ள ஆதாரம் போதாது. அம்மாவுக்கு உங்கள் நாயிடம் இருந்துதான் வந்ததா என்ற கேள்வியும் இந்தப் பக்கத்தில்தான் சேரும். ஒரு கொசு சில நூறு மீட்டர் பறக்கும். கடி விழுந்து புழு கண்ணுக்கு வர மாதங்கள் ஆகலாம். பக்கத்து வீட்டு நாய், டீக்கடை முன்னால் படுத்திருக்கும் நாய், எதுவாகவும் இருக்கலாம். உங்கள் நாயின் ரத்தத்தில் புழு இருந்து, அதன் மரபணு வரிசையும் அம்மாவின் புழுவோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனாலும், அதே வரிசை அந்த வட்டாரத்து நாய்கள் பலவற்றில் இருக்கும் என்பதால் அதுவே தீர்ப்பு ஆகாது.

மரபணு வேறுபாட்டால் நடைமுறையில் ஏதாவது மாறுமா என்றால், சிகிச்சையில் மாறாது, கண்டுபிடிப்பதில் மாறும். நம் பக்கம் பல இடங்களில் நாய்க்கு "ஹார்ட்வார்ம் கிட்" வைத்துப் பார்த்துவிட்டு, நெகட்டிவ், ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிடுகிறார்கள். அந்த கிட், இதயத்தில் வாழும் டைரோஃபைலேரியா இம்மிட்டிஸ் என்ற உறவுக்காரப் புழுவுக்கானது. தோலடிப் புழுவை அது பிடிக்காது. நெகட்டிவ் வந்த நாயின் ரத்தத்திலும் மைக்ரோஃபைலேரியா நெளியலாம். அப்புறம், கேரளத்து நாய்களில் புரூஜியா மலையி என்ற இன்னொரு புழுவும் உண்டு. மனிதருக்கு யானைக்கால் தரும் புழுக்களில் அதுவும் ஒன்று. அதன் குஞ்சைச் சுற்றி மெல்லிய உறை இருக்கும், டைரோஃபைலேரியாவுக்கு இருக்காது. சாயம் ஏற்றிய தகட்டில் பழகிய கண் இதைப் பிரித்துவிடும். சந்தேகம் இருந்தால் மரபணுப் பரிசோதனை. ஆனால் ஐரோப்பிய ரெப்பன்ஸுக்கு என்றே வடிவமைத்த பிசிஆர் என்ற மரபணுப் பரிசோதனை நம் ஊர்ப் புழுவில் சரியாக ஒட்டாமல் போகலாம். லேபுக்கு இது ஆசிய வகையாக இருக்கலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நாயைக் கொண்டுபோய் விடுவது பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. ரத்தத்தில் புழு உள்ள நாயை இன்னொரு ஊர்ச் சந்தையில் இறக்கிவிட்டால் அங்குள்ள கொசுக்களுக்கு அது தீனி. மருந்து கொடுக்க ஆளில்லாத நாயாகவும் ஆகிவிடும். உங்கள் வீட்டில் இருந்தால் மருந்து கொடுக்கலாம், சில மாதத்தில் அதன் ரத்தம் சுத்தமாகும். மாதம் ஒரு முறை கழுத்துப் பின்புறத் தோலில் விடும் மாக்சிடெக்டின் சொட்டு மருந்தோ, அதே குடும்பத்து மாத்திரையோ உங்கள் மருத்துவர் எழுதித் தருவார். புழுவுக்குள் வாழும் ஓல்பாக்கியா என்ற பாக்டீரியாவைக் குறிவைத்து டாக்சிசைக்ளினும் சேர்ப்பது உண்டு. அந்தப் பாக்டீரியா இல்லாமல் புழுவால் சரியாக இனப்பெருக்கம் செய்ய முடியாது. ஒன்றே ஒன்று: மாட்டுக்கு வாங்கி வைத்த ஐவர்மெக்டின் ஊசியை நீங்களே அளவு பார்த்துப் போட்டுவிடாதீர்கள். கோலி மாதிரியான சில நாய் இனங்களில் ஒரு மரபணுக் குறை காரணமாக அந்த மருந்து மூளைக்குள் புகுந்துவிடும். ரத்தத்தில் குஞ்சுகள் நிறைய இருக்கும் நாயில் அவை ஒரேயடியாகச் செத்தால் நாய்க்கு அதிர்ச்சி வரலாம். அளவு குறைத்து, விட்டு விட்டுக் கொடுப்பதும் தப்பு. இதயப் புழுவில் இதே குடும்ப மருந்துக்கு எதிர்ப்பு உள்ள பரம்பரைகள் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பக்கம் உறுதியாகியிருக்கின்றன. கொசு விரட்டும் பெர்மெத்ரின் கலந்த மருந்து நாய்க்குப் பயன்படுத்துவதாக இருந்தால், வீட்டில் பூனை இருக்கிறதா என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். பூனைக்கு அது விஷம்.

கொசு விஷயத்தில் நம் மாவட்டத்துக்கு ஒரு தனிக் கஷ்டம் உண்டு. தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இரண்டும் நமக்கு மழை தருகின்றன. நடுவே காய்கிற காலம் குறைவு. ரப்பர் விளையில் பால் வெட்டு நிறுத்திய நாட்களில் மரத்தில் கட்டிய சிரட்டையும் பிளாஸ்டிக் கப்பும் மழைத் தண்ணீரைப் பிடித்து வைக்கும். ஒரு ஏக்கரில் நூற்றுக்கு மேல் மரம். ஒரு வாரம் தண்ணீர் நின்றால் போதும், ஏடிஸ் கொசு பறந்துவிடும். டெங்குவுக்காகச் சுகாதாரத் துறை சொல்வதும் இதைத்தான்: வெட்டு இல்லாத நாளில் கப்பைக் கவிழ்த்து வையுங்கள். வீட்டுப் பக்கம் செப்டிக் டேங்கின் காற்றுக் குழாய்க்கு வலை கட்டுங்கள், மூடியின் விரிசலை அடையுங்கள். ஆர்மிஜெரஸ் என்ற பெரிய கொசு அங்கேதான் பெருகும், அதுவும் இந்தப் புழுவைச் சுமக்கும். குளத்தில் ஆகாயத்தாமரை மூடிக் கிடந்தால் அதன் வேரில் மான்சோனியா கொசு வளரும். அதைத் தனி ஆளாக அகற்ற முடியாது, பஞ்சாயத்தில் சொல்லி அகற்ற வேண்டிய வேலை. நாய் இரவில் படுக்கும் இடத்தை விளையின் ஓரத்தில் இருந்து வீட்டுத் திண்ணைக்கு மாற்றி, மேலே ஒரு வலை போட்டாலும் பெரிய வித்தியாசம் தெரியும்.

அம்மாவைப் பற்றி: புழு முழுசாக வெளியே வந்தது என்றால் பொதுவாக அதுவே சிகிச்சை, மாத்திரை தேவைப்படுவதில்லை. ரத்தத்தில் ஈசினோஃபில் என்ற வெள்ளை அணு கூடாமல் இருப்பதும் இதில் வழக்கம்தான், அதை வைத்துச் சந்தேகப்பட வேண்டாம். அடுத்த சில மாதத்தில் முகத்திலோ மார்பிலோ வேறு இடத்திலோ இடம் மாறும் வீக்கமோ சின்னக் கட்டியோ வந்தால், போகும் மருத்துவரிடம் இந்தக் கண் விஷயத்தைக் கட்டாயம் சொல்லுங்கள். மார்பிலோ நுரையீரலிலோ வந்த டைரோஃபைலேரியா கட்டியைப் புற்றுநோய் என்று நினைத்துப் பெரிய அறுவை செய்த பதிவுகள் உண்டு. பார்வை மங்கினாலோ கண்ணுக்குள் ஏதோ மிதப்பது போல இருந்தாலோ அன்றைக்கே கண் மருத்துவரைப் பாருங்கள். புழு கண்ணின் உள்பக்கம் போவது குறைவு, ஆனால் அது நடந்தால் தாமதிக்க முடியாது.

கடைசியாக ஓர் உதவி கேட்கிறேன். புழுவில் மிச்சம் இருந்தால் அது எதில் வைக்கப்பட்டிருக்கிறது என்று லேபில் விசாரியுங்கள். ஃபார்மலினில் கிடந்தால் நாளாக ஆக டி.என்.ஏ. துண்டு துண்டாகிவிடும், எத்தில் ஆல்கஹாலில் இருந்தால் வருடக்கணக்கில் நிற்கும். படித்த வரிசையை ஜென்பேங்கில் பதியச் சொல்லுங்கள். அம்மாவின் பெயரோ விலாசமோ வேண்டியதில்லை, "மனிதக் கண், கன்னியாகுமரி மாவட்டம்" என்ற விவரமும் வருடமும் போதும். உங்கள் நாயின் ரத்தத்தில் புழு இருந்தால் அதன் ஒரு மில்லியையும் ஆல்கஹாலில் போட்டு அதே லேபுக்குக் கொடுங்கள். மனிதரிடமும் நாயிடமும் ஒரே விளையில் எடுத்த இரண்டு வரிசைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், திருவனந்தபுரத்திலோ கொழும்பிலோ இதே புழுவைப் படிப்பவருக்கு அது நேரடியாகப் பயன்படும்.